சேகர் அண்ணன் சட்டையைக் கழற்றிய நாள்

அடுத்த மாதம் நான் செமினி பக்கம் ஒரு சுகாதாரக் கிளினிக்குக்கு மாற்றலாகிப் போகிறேன். பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் இந்தப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் முகங்களைப் பார்த்தால், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்ற முதல் வாரம் ஞாபகம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

குழாய் போடுவது, மருந்து அளப்பது, மெஷின் திரையைப் படிப்பது இதையெல்லாம் சொல்லித்தர இங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. நான் எழுத நினைப்பது ஒரு சாயங்காலத்தைப் பற்றி. அந்தச் சாயங்காலத்தில் சில விநாடிகள்தான் முக்கியம். அந்த விநாடிகள் வரைக்கும் எப்படி வந்தோம் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். இப்போதும் அம்மாவிடம் பக்கத்து வீட்டு ஆன்டி, "உன் மகன் ஹாஸ்பிட்டல்ல என்ன வேலை செய்றான்?" என்று கேட்டால், "குட்டிப் பிள்ளைங்களுக்கு எடை ஏத்துறான்" என்பார். நம் வேலையை இதைவிடச் சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது துறைமுக ஊரான கிள்ளானில் இருந்து ஓர் அம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பெயர் லோகா. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. மாதம் நிறையவில்லை. தாயைக் காப்பாற்ற வேண்டுமானால் குழந்தையை உடனே எடுத்தாக வேண்டும். எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோகூட இல்லை. அம்மா ஒரு மாடியில் தீவிர சிகிச்சையில், மகள் இன்னொரு மாடியில் எங்களிடம்.

அப்பா, சேகர் அண்ணன், துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். முதல் நாள் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உள்ள மிஸ்ஸி யாரும் இல்லையா?"

"நான்தான் மிஸ்ஸி, அண்ணே."

பெண் தாதிகளைத்தான் மிஸ்ஸி என்று கூப்பிட்டு அவருக்குப் பழக்கம். ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரிதான் போ. உன் கையாவது பெருசா இருக்கு, நழுவ விட மாட்டே" என்றார்.

தினமும் லோரியை விட்டுவிட்டு வருவார். கை கழுவுவார், சட்டைக்கு மேல் ஹாஸ்பிட்டல் கவுன் போடுவார், இன்குபேட்டருக்கு ஓரடி தள்ளி நிற்பார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "இன்னிக்கு எவ்வளவு தம்பி?" என்று எடையைக் கேட்பார். ஒரு நாள் கூடியிருக்கும். மறுநாள் அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். "ஒரு பாக்கெட் சீனிய விடக் கொஞ்சம்தான் கூட இருக்கா" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்குபேட்டரின் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து, "கையை உள்ள விட்டு லேசாத் தொடுங்கண்ணே" என்று நான் சொன்னபோது பின்வாங்கினார்.

கவுனின் கழுத்துப் பக்கத்தில் உருத்திராட்ச மாலை தெரிந்தது. விரதம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டதும் விவரம் சொன்னார்.

லோகாவுக்கு இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியதும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு சேகர் அண்ணன் மாலை போட்டிருக்கிறார். பிள்ளை தைப்பூசத்துக்கெல்லாம் பின்னால் பிறக்க வேண்டியது. முன்னாலேயே வந்துவிட்டது. பிரசவத் தீட்டு என்றால் விரதக்காரர் ஒதுங்கியிருக்க வேண்டும். தாயையும் பிள்ளையையும் தொடாமல் இருந்தால் விரதம் நிற்கும் என்று அவருடைய பெரியப்பா சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த ஓரடி தூரம். எந்தப் பிள்ளைக்காக மாலை போட்டாரோ, அந்தப் பிள்ளையையே தொட முடியாமல் நிற்கிறார்.

இதைக் கேட்டதும் உங்கள் நாக்கு நுனியில் 'மூடநம்பிக்கை' என்ற பேச்சு வந்து நிற்கும். எனக்கும் வந்தது. படித்து முடித்துச் சட்டையில் பெயர் வில்லை குத்திக்கொண்டவனுக்கு அந்தப் பேச்சு சுலபமாக வரும். ஆனால் எங்கள் அப்பாவும் வருஷா வருஷம் மாலை போடுகிறவர். அந்த நாட்களில் அவர் பாய்கூட இல்லாமல் தரையில் படுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

குழந்தைக்கு மூச்சுக்குழாயை எடுத்துவிட்டு, மூக்கு வழியாகக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தோம். தேறி வந்தாள். ஆனால் அடிக்கடி மூச்சு விட மறந்துவிடுவாள். மாதம் நிறையாத குழந்தைகளுக்கு இது சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். அலாரம் அடிக்கும். முதுகைத் தடவினால் திடுக்கிட்டு இழுப்பாள். ஒரு ஷிஃப்டில் பல தடவை நடக்கும். எடை ஏறவில்லை. உடம்புச் சூடு நிலையாக இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இவளை யாராவது நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ள வேண்டும், அம்மாவால் முடியாதென்றால் அப்பா வரட்டும் என்றார். போகும்போது என்னைப் பார்த்து, "உங்க மொழிதானே, நீங்களே பேசுங்க" என்றார்.

பேசினேன். மார்போடு வைத்தால் சூடு நிற்கும், இதயத் துடிப்பு சீராகும், தொற்று குறையும், எடை ஏறும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆனா நான் வாக்கு மாறி, அப்புறம் இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் எங்க போய் நிப்பேன்? உன் மெஷின் அதுக்குப் பதில் சொல்லுமா?"

பதில் தெரிந்த மாதிரி நான் பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள். அவருடைய பயம் ஒன்றும் பொய் இல்லை. இரண்டு பிள்ளைகளை இழந்த மனுஷன்.

அந்த வாரம் பக்கத்து இன்குபேட்டரில் ஒரு பையன் இருந்தான். சேகர் அண்ணன் மகளைவிட நல்ல எடை. அவனுடைய அப்பாவும் இவரும் கை கழுவும் இடத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பையனுக்குக் குடலில் தொற்று வந்தது. காலையில் வயிறு லேசாக உப்பியிருந்தது. மறுநாள் அவன் இல்லை. எடை நமக்கு ஒரு கணக்கு சொல்லும். அதன்படியே எல்லாம் நடக்கும் என்று எந்தப் பெற்றோருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

சேகர் அண்ணன் வந்து, துடைத்து வைத்திருந்த காலி இன்குபேட்டரைப் பார்த்தார்.

"அந்தப் பாப்பா வீட்டுக்குப் போயிருச்சா தம்பி?"

இன்னொரு குடும்பத்தின் விஷயத்தை நாம் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்ல முடியாது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அன்று எடையைக்கூடக் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் நான் தாய்ப்பால் வாங்கி வர லோகா அக்காவின் வார்டுக்குப் போனேன். அவரைத் தீவிர சிகிச்சையில் இருந்து மாற்றியிருந்தார்கள். ஆனால் எழுந்து உட்கார்ந்தாலே அழுத்தம் ஏறியது. மகளைப் போனில் படமாகத்தான் பார்த்திருந்தார். சேகர் அண்ணன் அங்கேயும் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டிருந்தார்.

"வா தம்பி" என்றார் லோகா அக்கா. "இவரப் பாரு. ஹாஸ்பிட்டலுக்கு ஒரு தூண் கொறையுதுன்னு கொண்டாந்து நட்டு வச்ச மாதிரி."

"சும்மா இருலா" என்றார் அவர்.

"பாப்பாவ நெஞ்சுல வச்சுக்கணும்னு டாக்டர் சொன்னாங்களாமே?"

"நீ எந்திரிச்சு வா. வச்சுக்கலாம்."

"நான் எந்திரிச்சா எனக்கு ப்ரஷர் ஏறுது. நீங்க உக்காந்தா உங்களுக்கு என்ன ஏறுது?"

அவர் மாலையைத் தொட்டுக் காட்டினார்.

"எதுக்குப் போட்டீங்க அத?"

அவர் தரையைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா."

"நீங்க சொல்லுங்க."

"புள்ள நல்லபடியா பொறக்கணும்னு."

"பொறந்துட்டா. இப்ப அவ மூச்சு விடணும்." லோகா அக்கா கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க தைப்பூசம் வரைக்கும் காத்திருப்பீங்க. அவ காத்திருப்பாளா? நான் போய்த் தூக்கிக்குவேன், என்னால முடியல. எனக்காகப் போங்க. பாவம் வந்தா என் தலைல வரட்டும்."

பால் பாட்டிலை வாங்கிக்கொண்டு நான் லிஃப்ட் பக்கம் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சேகர் அண்ணனும் லிஃப்டில் ஏறிக்கொண்டார். எங்கள் மாடி வந்ததும் கேட்டார்.

"மாலையைக் கழட்டணுமா தம்பி?"

கழற்ற வேண்டும் என்பதுதான் விதி. சங்கிலி, மோதிரம், கடிகாரம் எதுவும் குழந்தையின் தோலில் படக் கூடாது. 'கழட்டணும்' என்று சொன்னால் அவர் அப்படியே திரும்பி லிஃப்டில் ஏறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். 'பரவாயில்லை' என்று நானாகச் சொல்லவும் முடியாது. "இருங்கண்ணே, கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் பிரிவின் தலைமைத் தாதியான சிஸ்டரிடம் போனேன்.

சிஸ்டர் கண்டிப்பானவர். மலாய்க்கார அம்மா. விதி மீறினால் டாக்டரையே வெளியே அனுப்புவார். விஷயத்தை மலாயில் சொன்னேன். கதவுக் கண்ணாடி வழியாகச் சேகர் அண்ணனைப் பார்த்தார்.

"நியத் வைத்திருக்கிறாரா?" என்று கேட்டார். ஒரு காரியத்துக்காக மனதில் வைக்கும் சங்கற்பத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாம் சிஸ்டர். இந்தக் குழந்தைக்காகத்தான்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "குழந்தையின் தோலில் படக் கூடாது, அவ்வளவுதானே நமக்கு வேண்டும். முதுகுப் பக்கம் தள்ளிவிடு. சுத்தமான காஸ் துணியைச் சுற்றி நன்றாக ஒட்டு. நெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார வை. நானே வந்து பார்க்கிறேன்."

விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அதை இப்படிக் கையாள முடியும். தெரியாதவர்கள் ஒன்று கண்ணை மூடிப் பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள்.

திரைக்குப் பின்னால் சேகர் அண்ணன் சட்டையைக் கழற்றினார். வெயிலில் கறுத்த கை, வெளுத்த நெஞ்சு. பழைய வருஷங்களில் காவடிக்கு அலகு குத்திய தழும்புகள் மார்பில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருந்தன. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. நானும் இன்னொரு தாதியும் குழாய்களோடு குழந்தையைத் தூக்கி, அந்தத் தழும்புகள் மேல் குப்புறப் படுக்க வைத்துத் துணியால் சுற்றினோம்.

"சூடா இருக்கா" என்றார். அவளைப் பார்ப்பதற்காகத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வளைந்தது. பக்கத்துக் குழந்தைக்கு நான் சிரிஞ்சை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அலாரம் அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அதைவிட அவர் முகத்தைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். வாக்கு மாறிய உடனே தண்டனை வந்துவிட்டது. இரண்டு கையையும் குழந்தையிடமிருந்து எடுத்து, காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துரு தம்பி. எங்கிட்டேயிருந்து எடுத்துரு."

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? குழந்தையைத் தூக்கி இன்குபேட்டரில் வைப்பது சுலபம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவரே கெஞ்சுகிறார். ஆனால் இப்போது எடுத்தால், தன் கை பட்டதால்தான் மகள் மூச்சை நிறுத்தினாள் என்று அவருக்கு முடிவாகிவிடும். அதன் பிறகு அவர் அவளைத் தொடவே மாட்டார். எடுத்து வைக்கிற அசைவிலேயே சில விநாடிகள் வேறு போய்விடும். அதே நேரம், அவர் மனதைக் காப்பாற்றுகிறேன் என்று குழந்தையைப் பணயம் வைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

முதலில் குழந்தையைப் பார்த்தேன். நிறம் மங்கியிருந்தது, நீலம் ஏறவில்லை. தாடை நெஞ்சில் இடித்துக் கழுத்து மடங்கியிருந்தது. அவர் குனிந்ததில் தலை சரிந்துவிட்டது. மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பையும் முகமூடியும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. தடவியும் இழுக்காவிட்டால் அடுத்தது அதுதான், அவர் மடியாக இருந்தாலும் சரி என்று முடிவு செய்துகொண்டேன்.

"கைய எடுக்காதீங்க அண்ணே. கொடுங்க இங்க."

அவர் வலது கையைப் பிடித்து அவள் முதுகில் வைத்து, அதன் மேல் என் கையை வைத்தேன். இன்னொரு கையால் அவள் தாடையை மெல்ல நிமிர்த்தினேன். லோரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த அந்தக் கையை மேலும் கீழுமாகத் தேய்த்தேன். ஒரு தடவை. இன்னொரு தடவை.

அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது. மூச்சை இழுத்தாள். எண்கள் தயங்கித் தயங்கி ஏறின. அலாரம் நின்றது.

சிஸ்டர் திரைக்கு அருகில் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. குழந்தையின் நிறத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அங்கேயே நின்றார்.

"என்னாலயா தம்பி?" என்று கேட்டார் சேகர் அண்ணன்.

இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள். இந்தப் பிரிவில் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் என்றைக்காவது இதைக் கேட்பார்கள். 'இல்லவே இல்லை' என்று சொல்ல வாய் வரும். அது முழு உண்மை இல்லை. கழுத்து மடங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

"இன்குபேட்டர்ல தனியா இருக்கறப்பவும் இவ இப்படித்தான் மூச்சு விட மறந்துருவா. இன்னிக்குக் காலைலகூட மறந்தா, அப்ப யாரும் தொடல. இப்பத் தலை கொஞ்சம் குனிஞ்சிருச்சு. இதோ பாருங்க, தாடை இப்படி நிமிந்து இருக்கணும். நீங்க குனியாம சாஞ்சு உக்காருங்க. மறுபடி மறந்தா, இப்பத் தேய்ச்ச மாதிரி முதுகைத் தேய்ங்க. நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "தாடை" என்றார். ஒற்றை விரலால் அவள் தாடையைத் தொட்டு, மயிரிழை அளவு நிமிர்த்தினார். "இப்படியா?"

"அப்படித்தான்."

குற்றமா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பாரா, தெரியாது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததும் அவர் கை மறுபடி குழந்தையின் மேல் வந்துவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் வந்து உட்கார்ந்தார். எடை உடனே ஏறவில்லை. பிறகு ஏறியது. லோகா அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்த அன்று, கழுத்தை எப்படி வைக்க வேண்டும் என்று அவர்தான் மனைவிக்குக் காட்டிக்கொடுத்தார். "நீங்க எனக்குச் சொல்லித்தரீங்களா" என்று லோகா அக்கா சிரிக்கத்தான் ஆரம்பித்தார். மகள் நெஞ்சில் பட்டதும் அழுதுவிட்டார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி நல்லபடியாக முடியாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் காலியாகிற இன்குபேட்டர்களை நீங்கள் துடைக்க வேண்டியிருக்கும். தேறி வீட்டுக்குப் போனாலும் அதோடு முடிவதில்லை. கண், காது, உட்காருவது, நடப்பது, பேசுவது என்று வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். நான் கிளினிக் வேலையைக் கேட்டு வாங்கியதே அதற்காகத்தான். சேகர் அண்ணன் மகள் நடக்கத் தாமதமானது. இப்போது நடக்கிறாள். ஒரு கண்ணுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். "தூங்கறப்ப இன்னமும் தாடையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறாரு தம்பி, அது எந்திரிச்சுக் கத்துது" என்று லோகா அக்கா போன தடவை என்னிடம் புகார் சொன்னார்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்த வருஷத்துத் தைப்பூசத்தை.

அன்று எனக்கு வேலை. காலையில் அவர் வந்தார். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். தீட்டு இன்னும் கழியவில்லை. மாலை கழுத்திலேயே இருந்தது. வழக்கம்போல அதை முதுகுப் பக்கம் தள்ளி, காஸ் துணி ஒட்ட என் பக்கம் முதுகைக் காட்டினார்.

"பத்துமலைக்குப் போகலையாண்ணே?"

"லோகாவோட தம்பி போயிருக்கான், பால்குடம் எடுத்துக்கிட்டு." நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் இங்க இருக்கேன்னு அங்க சொல்லச் சொல்லியிருக்கேன்."

குழந்தையை நெஞ்சில் வைத்துச் சுற்றிவிட்டு, நான் என் மேசைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அலாரம் அடித்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் அவர் விரல் தாடையை நிமிர்த்தி, உள்ளங்கை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண் திரையில் இல்லை, மகள் மேல் இருந்தது. அலாரம் நின்றது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன்.